நான்கு தலைமுறை, ஒரே வண்டி, கோத்தகிரி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பள்ளி விடுமுறை வந்தால் எங்கள் வீட்டிலிருந்து ஒரு வண்டி புதுக்கோட்டையில் கிளம்பிக் கோத்தகிரி போகும். அப்பாயி (அப்பாவின் அம்மா), அப்பா அம்மா, நாங்கள், எங்கள் பிள்ளைகள் என்று நான்கு தலைமுறையும் அதில் இருக்கும். அப்பாயியின் தம்பி குடும்பம் அங்கே தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறது. இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியவர்கள். வண்டி ஏற்பாடு என் தலையில் என்பதால் கேள்விகளும் என்னிடமே வந்து சேரும். நீலகிரியில் சொந்தம் வைத்திருக்கும் மற்றவர்களுக்கும் பயன்படட்டும் என்று பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். இது ஊட்டி டூர் இல்லை, உறவைப் பார்க்கப் போகிற பயணம். பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியல் தேடி வந்தவர்களுக்கு இதில் அதிகம் கிடைக்காது.

சொந்தக்காரர் வீட்டுக்குத்தானே போகிறோம், இ-பாஸ் எதற்கு?

எடுத்துத்தான் ஆக வேண்டும். லாட்ஜில் தங்கினாலும் மாமா வீட்டில் தங்கினாலும் வெளி மாவட்டப் பதிவெண் கொண்ட வண்டி என்றால் பாஸ் கேட்பார்கள். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இது நடைமுறைக்கு வந்தது. 2025 கோடையில் எண்ணிக்கைக்கும் வரம்பு வைத்தார்கள்: நீலகிரிக்குள் வார நாட்களில் ஒரு நாளைக்கு 6,000 வண்டிகள், சனி ஞாயிறில் 8,000. அதனால் சீசன் நேரத்தில் கிளம்புகிற அன்று காலை உட்கார்ந்து தட்டிக்கொண்டிருக்காதீர்கள்.

தமிழக அரசின் இணையதளத்தில் பணம் கட்டாமலே எடுக்கலாம். வண்டி எண், எத்தனை பேர், வரும் தேதி, போகும் தேதி, தங்கும் இடம் கேட்பார்கள். தங்கும் இடத்தில் சொந்தக்காரர் முகவரியைப் போடுங்கள். வாடகை வண்டி என்றால் ஒரு சிக்கல் இருக்கிறது. டிராவல்ஸ்காரர் கடைசி நேரத்தில் வேறு வண்டியை அனுப்பிவிட்டால் பாஸில் பழைய எண் இருக்கும். முந்தின நாள் இரவே போன் போட்டு எந்த வண்டி வருகிறது என்று உறுதி செய்துகொள்ளுங்கள். டிஎன் 43 பதிவெண் உள்ள உள்ளூர் வண்டிகளுக்குப் பாஸ் வேண்டாம், அரசுப் பேருந்தில் போகிறவர்களுக்கும் வேண்டாம். விதிகள் அவ்வப்போது மாறும் என்பதால் கிளம்புகிற வாரத்தில் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

எந்த வழியாகப் போவது?

எங்களுக்குத் திருச்சி, கரூர், காங்கேயம், திருப்பூர், அவிநாசி, அன்னூர், மேட்டுப்பாளையம். கோவைக்குள் நுழைய வேண்டியதில்லை. மேட்டுப்பாளையத்திலிருந்து மேலே ஏற இரண்டு சாலைகள். கல்லாறு பாக்குத் தோப்புகளைத் தாண்டி, பர்லியாறு வழியாகக் குன்னூருக்கு ஏறுவது ஒன்று. இதில் 14 கொண்டை ஊசி வளைவுகள். குஞ்சப்பனை, அரவேனு வழியாக நேரே கோத்தகிரிக்கு ஏறுவது இன்னொன்று, 33 கிலோமீட்டர் அளவுக்கு வரும்.

கோத்தகிரிக்குப் போகிறவர்களுக்கு இரண்டாவதுதான் இயல்பான வழி. ஆனால் மே மாத சீசனில் ஒருவழிப்பாதை ஆக்கிவிடுவார்கள்: குன்னூர் வழியாக ஏற வேண்டும், கோத்தகிரி வழியாக இறங்க வேண்டும். அப்படி இருக்கிற நாளில் நம் வீடு பக்கத்திலேயே இருந்தும் குன்னூர் சுற்றி வர நேரலாம். போனில் வரைபடம் இதையெல்லாம் சொல்லாது. முந்தின நாள் மாமாவைக் கூப்பிட்டு "இன்னைக்கு எப்படி விடுறாங்க?" என்று கேட்பதுதான் சரி.

எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும்?

விடிகாலை நான்கு மணிக்கு. அப்போதுதான் வழியில் நின்று நின்று போனாலும் பதினொரு மணிக்குள் மேட்டுப்பாளையம் வந்து, பகல் வெளிச்சத்தில் மலை ஏற முடியும். இரவில் மலை ஏறுவதற்கு நான் ஒத்துக்கொள்வதே இல்லை. பனிமூட்டம் ஒரு காரணம். இன்னொன்று யானை. கல்லாறு யானைகள் கடந்து போகும் இடம், குஞ்சப்பனைப் பக்கமோ பலாப்பழக் காலத்தில் பழ வாசனைக்கு யானைகள் சாலையோரம் வரை வந்துவிடும். யானை நின்றால் ஆரன் அடிக்காமல், விளக்கைப் பாய்ச்சாமல், தள்ளி நிறுத்திக் காத்திருக்க வேண்டும். பின்னால் உட்கார்ந்து "போட்டோ எடுத்துக்கறேன், கண்ணாடியை இறக்கு" என்று சொல்கிற சித்தப்பாவை அடக்கி வைக்க ஒரு ஆள் வேண்டும்.

என்ன வண்டி? யார் எங்கே உட்காருவது?

ஏழு பேர் வரை இன்னோவா போதும். அதற்கு மேல் போனால் டெம்போ டிராவலர். இரண்டு கார்களாகப் பிரிந்து போவது எனக்குப் பிடிப்பதில்லை. ஒரு கார் முன்னால் போய்விடும், இன்னொன்று தேடும், மலையில் சிக்னல் போய்விடும், அப்புறம் ஆளாளுக்குக் கோபம்.

வாடகை பேசும்போது மலை ஓட்டிப் பழகிய டிரைவர் வேண்டும் என்று முதலிலேயே கேளுங்கள். டிரைவர் பேட்டா, மலைக்குத் தனியாக வாங்கும் தொகை, டோல் எல்லாம் வாடகையில் அடக்கமா இல்லையா என்பதையும் அப்போதே பேசிவிடுங்கள். அவர் இரவு எங்கே படுப்பார் என்பதும் நம் பொறுப்பு. கோத்தகிரிக் குளிரில் வண்டிக்குள் சுருண்டு கிடந்தவர் மறுநாள் கண் எரிச்சலோடு இறக்கத்தில் நம்மை ஓட்டிப் போவார். ஒரு ரூம் எடுத்துக் கொடுங்கள்.

உட்காரும் இடம்: முன் சீட்டு, வாந்தி வரும் பெரியவருக்கு. நடு வரிசைக் கதவோரம் அப்பாயிக்கு, ஏறி இறங்க அதுதான் சுலபம். கடைசி வரிசை வளைவுகளில் அதிகம் ஆடும். வயிறு கெட்டியான இளவட்டங்களை அங்கே அனுப்புங்கள். பிள்ளைகள் குறுகுறுவென்று அந்த இடத்துக்குத்தான் அடம்பிடிப்பார்கள். மேட்டுப்பாளையம் வரை இருக்கட்டும், அங்கே டீக்கு நிற்கும்போது இடம் மாற்றிவிடுங்கள்.

பிள்ளைகளுக்கு வாந்தி வந்தால்?

மலையடிவாரத்தில் பூரி, பரோட்டா வேண்டாம். இட்லியோ தயிர்சாதமோ கொஞ்சமாகச் சாப்பிட்டு, அரை மணி நேரம் கழித்து ஏறுங்கள். முற்றிலும் வெறும் வயிறும் நல்லதில்லை. ஏற ஆரம்பித்தபின் போனைப் பிடுங்கி வைத்துவிட வேண்டும், தலை குனிந்து திரையைப் பார்க்கிற பிள்ளைதான் முதலில் எடுக்கும். கண்ணாடியை இறக்கிக் காற்று விடுங்கள். எலுமிச்சையை முகர்வது, நாரத்தங்காய் ஊறுகாயை நாக்கில் வைப்பது எல்லாம் எங்கள் வீட்டு வைத்தியம், சிலருக்குக் கேட்கிறது.

மாத்திரை என்றால் கடையில் எல்லோரும் கேட்பது அவோமின். ஏறுவதற்கு முன்பே போட வேண்டும், வாந்தி வந்தபின் போட்டுப் பயனில்லை. தூக்கம் வரும், ஓட்டுகிறவர் போடவே கூடாது. இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு ஆகாது. பெரியவர்களில் கண் அழுத்தமோ புராஸ்டேட் தொல்லையோ இருப்பவர்கள் டாக்டரைக் கேட்டுத்தான் போட வேண்டும்.

இந்த வயதில் அப்பாயியை மலைக்குக் கூட்டிப் போகலாமா?

கோத்தகிரி ஏறக்குறைய 6,000 அடி, ஊட்டியே 7,300 அடிக்குக் கொஞ்சம் மேல்தான். காற்று குறைந்து மூச்சு முட்டுகிற உயரநோய் பொதுவாக 8,000 அடிக்கு மேல்தான் தொடங்கும். ஆகவே உயரத்துக்குப் பயப்பட வேண்டாம். இதயக் கோளாறு, ஆஸ்துமா, சமீபத்தில் செய்த ஆபரேஷன் என்று ஏதாவது இருந்தால் மட்டும் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

உண்மையான தொல்லை குளிரும், நெடுநேரம் காலைத் தொங்கப்போட்டு உட்காருவதும்தான். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை வண்டியை நிறுத்தி, "எனக்கு ஒண்ணுமில்ல, நீங்க போங்க" என்று சொன்னாலும் இறக்கி நாலு அடி நடக்க விடுங்கள். ஸ்வெட்டர், குல்லா, காலுறை மூன்றும் பெட்டியில் இருந்தால் போதாது, கைப்பையில் இருக்க வேண்டும். அரவேனு தாண்டும்போது தேடினால் பெட்டி டிக்கியின் அடியில் கிடக்கும். சர்க்கரை மாத்திரை, பிரஷர் மாத்திரை எல்லாம் தங்குகிற நாட்களுக்கு மேல் இரண்டு நாளுக்குச் சேர்த்து எடுத்துக்கொள்ளுங்கள், மழையில் சாலை அடைபட்டால் தேவைப்படும். கோத்தகிரியிலும் குன்னூரிலும் அரசு மருத்துவமனை இருக்கிறது. பெரிய தேவை என்றால் ஊட்டியில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை.

வழியில் கழிவறை?

யாரும் வாய்விட்டுக் கேட்காத கேள்வி, ஆனால் அப்பாயி வர மறுப்பதற்கு முக்கால்வாசிக் காரணம் இதுதான். வழியில் கிடைக்கவில்லை என்றால் என்ன செய்வது என்று பயந்து, முந்தின நாளிலிருந்தே தண்ணீர் குடிக்க மாட்டார்கள். அதனால் வருகிற மயக்கத்தை மலையின் மேல் பழிபோடுவோம். பெட்ரோல் பங்குகளிலும் கொஞ்சம் பெரிய உணவகங்களிலும் பார்த்து நிறுத்துங்கள். மலைச்சாலையில் எதிர்பார்க்காதீர்கள், மேட்டுப்பாளையத்திலேயே எல்லோரும் முடித்துக்கொள்ள வேண்டும். முட்டி மடங்காதவர்களுக்கு மடக்கு கமோடு நாற்காலி ஒன்றை டிக்கியில் போட்டுக்கொள்ளுங்கள். தோட்டத்து வீடுகளில் பெரும்பாலும் இந்தியக் கழிவறைதான், அங்கேயும் அது கைகொடுக்கும். அதை மூட்டைகளுக்கு மேல் வையுங்கள்.

தண்ணீர் பாட்டில் வாங்கி வைத்துக்கொள்ளலாமா?

வேண்டாம். நீலகிரியில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை, ஒரு லிட்டர் இரண்டு லிட்டர் பாட்டில்களும் அதில் அடக்கம். சோதனைச்சாவடியில் வாங்கி வைத்துவிடுவார்கள். ஆளுக்கொரு எவர்சில்வர் பாட்டில் போதும்.

அவர் எனக்கு என்ன முறை?

பிள்ளைகள் ஒவ்வொரு முறையும் கேட்பது, பெரியவர்களும் ரகசியமாக என்னிடம் கேட்பது. அப்பாயியின் தம்பி அப்பாவுக்குத் தாய்மாமன், எனக்குத் தாத்தா, என் பிள்ளைகளுக்குக் கொள்ளுத்தாத்தா. அவருடைய மகன் அப்பாவுக்கு மச்சான் என்பதால் எனக்கு மாமா, மாமாவின் மனைவி அத்தை. தாத்தாவின் மகள் அப்பாவுக்கு முறைப்பெண். ஆகவே எனக்குச் சின்னம்மா. மாமா பிள்ளைகள் மச்சான், மதினி என்று வரும். சின்னம்மா பிள்ளைகள் அண்ணன் தம்பி, அக்கா தங்கை. இதை வண்டியிலேயே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டால் வாசலில் இறங்கியதும் ஆன்ட்டி, அங்கிள் என்று விழாது. அந்த முறைப்பெண் சமாச்சாரத்தை அம்மா காதில் விழும்படி விளக்காமல் இருப்பது உசிதம்.

அவர்கள் ஏன் அங்கே போய் இருக்கிறார்கள்? புதுக்கோட்டைக்கு வந்திருக்கலாமே?

இந்தக் கேள்விக்குத்தான் வண்டியில் அதிக நேரம் போகும், போகட்டும். வெள்ளைக்காரன் காலத்தில் புதுக்கோட்டை, திருச்சி, ராமநாதபுரம், சேலம் பக்கத்துக் குடும்பங்கள் பிழைப்புக்காக இலங்கை மலைத் தோட்டங்களுக்குப் போயின. முதலில் காப்பி, பிறகு தேயிலை. இலங்கை சுதந்திரம் அடைந்த 1948-இல் வந்த குடியுரிமைச் சட்டம் அவர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபரில் லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஒப்பந்தம் போட்டார்கள்: 5,25,000 பேரை இந்தியா ஏற்கும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுக்கும். மீதி ஒன்றரை லட்சம் பேரை ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொள்வது 1974-இல் இந்திரா காந்தி காலத்தில் முடிவானது. பேச்சுவார்த்தை மேசையில் அந்த மக்களில் ஒருவரும் இல்லை.

தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்கினார்கள், மண்டபம் முகாமில் தங்கினார்கள், அங்கிருந்து ஆளுக்கொரு திசையாக அனுப்பப்பட்டார்கள். அவர்களுக்கு வேலை கொடுப்பதற்காகத் தமிழக அரசு 1968-இல் நீலகிரியில் தேயிலைத் திட்டம் தொடங்கியது. 1976-இல் அது டான்டீ என்ற நிறுவனமானது. கோத்தகிரி, குன்னூர், கூடலூர், பந்தலூர் பக்கங்களில் இன்று பார்க்கிற பல தோட்டங்கள் அப்படி வந்தவை. காட்டை வெட்டிக் கன்று நட்ட கைகள் அவர்களுடையவை. புதுக்கோட்டையில் அவர்களுக்கு நிலமும் இல்லை, தெரிந்த தொழிலும் இல்லை. அப்பாயி கல்யாணமாகி இங்கேயே இருந்துவிட்டார், தம்பி அங்கிருந்து வந்து மலைக்குப் போனார்.

பிள்ளைகளை அங்கே போனதும் கொள்ளுத்தாத்தாவிடம் கப்பலைப் பற்றிக் கேட்கச் சொல்லுங்கள். தானாகச் சொல்ல மாட்டார், பொடியன் கேட்டால் சொல்லுவார்.

எல்லோரும் அவர்கள் வீட்டிலேயே தங்கலாமா?

"வீடு சின்னதுதான், ஆனா மனசு பெருசு" என்று அவர்கள் சொல்லத்தான் செய்வார்கள். லயன் வீடு என்றால் வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகள். முன்னால் ஒரு அறை, பின்னால் சமையல், அவ்வளவுதான். பத்துப் பேர் போய் இறங்கினால் அன்று அவர்கள்தான் தூங்க மாட்டார்கள். எங்கள் வழக்கம் இது: அப்பாயியும் அப்பாவும் அம்மாவும் வீட்டில், மற்றவர்கள் கோத்தகிரி பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு லாட்ஜில். முதல் தடவை வருத்தப்பட்டார்கள், பிறகு பழகிவிட்டது. சாப்பாடு மட்டும் எல்லாருக்கும் அங்கேதான், அதில் கை வைத்தால் சண்டை வரும்.

அத்தை இன்னும் கொழுந்து பறிக்கப் போகிறவர். நம் விடுமுறை அவருக்கு விடுமுறை இல்லை, ஒரு நாள் போகாவிட்டால் ஒரு நாள் கூலி போச்சு. ஞாயிற்றுக்கிழமை அங்கே இருக்கும்படி நாளைத் தேர்ந்தெடுங்கள்.

எத்தனை நாள் தங்கலாம்?

குறைந்தது இரண்டு இரவு. ஒரே நாளில் போய்ப் பார்த்துவிட்டு இறங்குவது வயதானவர்களுக்கு உடம்பையும் கெடுக்கும், பார்த்த மாதிரியும் இருக்காது. அக்காவும் தம்பியும் முதல் நாள் ஒருவருக்கொருவர் மருந்துச் சீட்டைத்தான் காட்டிக்கொள்வார்கள். பழங்கதை இரண்டாம் நாள் மத்தியானம்தான் கிளம்பும். அந்த நேரத்தில் "தொட்டபெட்டா போகலாம் வாங்க" என்று போய் நிற்காதீர்கள்.

சாப்பாடு எப்படி இருக்கும்?

காலையில் தேங்காய் ரொட்டியும் கட்டச் சம்பலும் கிடைத்தால் அது இலங்கையிலிருந்து வந்த கை. பால் ஊற்றாத சாயத்தண்ணி கொடுப்பார்கள். தாத்தா இன்னும் சர்க்கரையைத் தம்ளரில் போட மாட்டார்: இடது உள்ளங்கையில் கொஞ்சம் வைத்து, நாக்கால் தொட்டுக்கொண்டு, சூடான சாயத்தை ஒரு வாய் உறிஞ்சுவார். என் பிள்ளைகள் அதைப் பார்த்துவிட்டு ஊரிலும் அப்படியே செய்து சட்டையெல்லாம் பிசுபிசுப்பு.

என்ன வாங்கிப் போவது, என்ன கொண்டு வருவது?

ஆப்பிள், ஹார்லிக்ஸ் வேண்டாம். மலையில் விளையாததைக் கொண்டு போங்கள்: முருங்கைக்காய், தேங்காய், கருவாடு, நல்ல செக்கு நல்லெண்ணெய். திருச்சி வழியாகப் போகிறவர்கள் மணப்பாறை முறுக்கு. கருவாட்டை மூன்று சுற்றுச் சுற்றிக் கட்டுங்கள், வளைவில் அந்த வாசனையும் சேர்ந்தால் வாந்தி நிச்சயம்.

திரும்பும்போது டான்டீ தேயிலைத் தூள், கேரட், அப்புறம் வர்க்கி. ஊட்டி வர்க்கிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பேக்கரியில் சூடாக இருக்கும்போதே வாங்கி, மடியில் வைத்துக்கொண்டு வந்தால்தான் நொறுங்காமல் ஊர் சேரும். நீலகிரித் தைலத்தைச் சாலையோரக் கடையில் வாங்காதீர்கள், கலப்படம் அதிகம்.

அங்கே எதைக் கேட்கக் கூடாது?

"ரிட்டயர் ஆனதும் எங்க போவீங்க?" என்று கேட்காதீர்கள். தோட்டத்து வீடு வேலைக்குக் கொடுத்த வீடு. வேலை முடிந்தால் வீடும் போகும் என்ற கவலை அங்கே ஒவ்வொரு குடும்பத்திலும் இருக்கிறது. "சிலோன்லேயே இருந்திருக்கலாமோ?" என்பதும் வேண்டாம். "இந்த ஏசி கிளைமேட்ல இருக்க குடுத்து வச்சிருக்கணும்" என்பது எல்லாவற்றையும்விட மோசம். அட்டைக்கடியோடு மழையில் நின்று பறிக்கிறவரிடம் அதைச் சொல்லி, அவர் சிரித்தபடி டீ கொடுத்ததைப் பார்த்திருக்கிறேன்.

இரவில் வெளியே நடக்கலாமா?

கூடாது. கோத்தகிரிப் பக்கம் கரடிகள் குடியிருப்புக்குள் சகஜமாக வரும், காட்டெருமைகள் பகலிலேயே தேயிலைக்குள் நிற்கும். இருட்டியபின் பிள்ளைகள் வாசலைத் தாண்ட வேண்டாம். கழிவறை வெளியே இருந்தால் டார்ச்சும் துணைக்கு ஒரு ஆளும் இல்லாமல் அப்பாயியை அனுப்ப வேண்டாம். காட்டெருமை அமைதியாகத்தான் நிற்கும், செல்ஃபிக்குக் கிட்டே போகிறவரைத்தான் முட்டும்.

ஊட்டிக்கு ஒரு எட்டுப் போய் வரலாமா? மலை ரயில்?

பிள்ளைகளுக்காக ஒரு நாள் போகலாம், கோத்தகிரியிலிருந்து 30 கிலோமீட்டருக்குள்தான். ரயிலில் மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறினால் நாலரை மணி நேரத்துக்கு மேல் நெருக்கி உட்கார வேண்டும், பெரியவர்களுக்கு அது தண்டனை. குன்னூரிலிருந்து ஊட்டி வரை 19 கிலோமீட்டர் மட்டும் போங்கள். வெலிங்டன், அரவங்காடு, கேத்தி, லவ்டேல் என்று ஒன்றேகால் மணி நேரம் போல. 1899-இல் குன்னூர் வரை ஓடத் தொடங்கி 1908-இல் ஊட்டியைத் தொட்ட பாதை இது. பல் சக்கரத் தண்டவாளம் குன்னூருக்குக் கீழேதான், அதைப் பார்க்க வேண்டும் என்று துடிக்கிற பையனை மட்டும் ஒரு பெரியவரோடு முழுப் பாதைக்கும் ஏற்றிவிடலாம். முன்பதிவு 60 நாளுக்கு முன் திறக்கும், உடனே தீர்ந்துவிடும்.

எந்த மாதம் நல்லது?

மே மாதம் கூட்டம், ஒருவழிப்பாதை, எல்லாம் இரட்டை விலை. ஆனால் பள்ளி விடுமுறை அப்போதுதான் என்பதால் வேறு வழியில்லாமல் போகிறோம். அக்டோபர் பின்பாதியும் நவம்பரும் கோத்தகிரிக்கு வேண்டாம், வடகிழக்குப் பருவமழையில் மண் சரியும் பக்கம் இதுதான். டிசம்பர், ஜனவரியில் வானம் தெளிவு, குளிர் கடுமை. முடிந்தவர்கள் பொங்கலை ஒட்டிப் போங்கள், கம்பளி கூட ஒன்று எடுத்துக்கொண்டு.

எங்கள் சொந்தம் கூடலூர் பக்கம். இதெல்லாம் பொருந்துமா?

பெரும்பாலும். மழை மட்டும் தலைகீழ், அங்கே ஜூன் முதல் ஆகஸ்ட் வரைதான் கொட்டும். மைசூர் வழியாக வருகிறவர்கள் பந்திப்பூர் காட்டுச்சாலை இரவு 9 முதல் காலை 6 வரை மூடியிருக்கும் என்பதை நினைவில் வையுங்கள்.

இறங்கும்போது என்ன கவனிக்க வேண்டும்?

"கிளம்புறோம்" என்று சொன்னதற்கும் வண்டி நகர்வதற்கும் இடையில் ஒரு மணி நேரம் பிடிக்கும். கேரட் மூட்டை வரும், அது போதாதென்று முட்டைக்கோஸ் வரும், விபூதி பூச வேண்டும், யாராவது செருப்பைத் தேடுவார்கள். பன்னிரண்டு மணிக்குப் புறப்பட வேண்டுமானால் பதினொன்றுக்கே சொல்லிவிடுங்கள், மூன்று மணிக்கு முன் சமவெளி சேர வேண்டும். எந்தக் கியரில் ஏறினோமோ அதே கியரில் இறங்க வேண்டும், பெரும்பாலும் இரண்டாவது. பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் சூடாகி, ரப்பர் கருகுகிற வாசனை வரும். வந்தால் ஓரமாக நிறுத்தி ஆறவிடுங்கள், தண்ணீரை ஊற்ற வேண்டாம். ஏறி வருகிற வண்டிக்கு வழிவிடுங்கள். டிரைவர் அவசரப்பட்டால் சொல்வதற்குத் தயங்காதீர்கள், அப்பாயி சொன்னால் கேட்டுக்கொள்வார்.